தூக்குவது பெரிதல்ல, இறக்குவதே பெரிது

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"எதைப் பற்றிப் பேசப் போறீங்க?" என்று செயலாளர் கேட்டார். "ஜாக்கியைப் பற்றி" என்றேன். "கிண்டி குதிரைப் பந்தயமா?" என்றார். இல்லை ஐயா, நான் சொல்வது வண்டி தூக்குகிற ஜாக்கி. அதிலும் எண்ணெய் ஊற்றுகிற ஹைட்ராலிக் ஜாக்கி அல்ல. நீண்ட கைப்பிடியைப் பிடித்து நெம்பி நெம்பி, ஒவ்வொரு பல்லாக மேலே ஏற்றுகிறோமே, அந்த முழு இரும்பு ஜாக்கி. இந்தக் காலத்தில் இதைப் போய்ப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எத்தனையோ கம்ப்யூட்டர் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் அந்த இயந்திரங்களை லாரியிலிருந்து இறக்கி இடம் பார்த்து உட்கார வைக்கும்போது, ஒரு மூலையை இரண்டு அங்குலம் தூக்க இன்னும் ஜாக்கிதான் வருகிறது.

நெம்புகோல் ஜாக்கி ஏன் இன்னும் சாகவில்லை? எண்ணெய் ஒழுகாது. வாஷர் போகாது. படுக்க வைத்தும் பயன்படுத்தலாம், சாய்த்தும் பயன்படுத்தலாம். ஒரு வருடம் மழையில் கிடந்தாலும் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டால் வேலை செய்யும். தூக்கிய சுமையை எண்ணெய் தாங்குவதில்லை, இரும்புப் பல் தாங்குகிறது. இத்தனை நல்ல குணம் உள்ள கருவியில் ஒரே ஒரு கெட்ட குணம் உண்டு. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

பல்லும் கொண்டியும்

அமைப்பு எளிமையானது. நேராக நிற்கும் ஒரு தண்டு. அதில் வரிசையாகப் பற்கள், அல்லது துளைகள். அந்தப் பல்லைப் பிடிக்க இரண்டு கொண்டிகள். ஆங்கிலத்தில் இதற்குப் 'பால்' என்று பெயர். பசும்பாலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகக் கொண்டி என்றே சொல்கிறேன். கைப்பிடியை அழுத்தும்போது ஒரு கொண்டி சுமையை ஒரு பல் அளவு ஏற்றும். கைப்பிடி திரும்பி வரும்போது இன்னொரு கொண்டி சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஏணியில் ஏறுகிறவன் ஒரு காலை ஊன்றி மறு காலை எடுப்பது மாதிரி. அவ்வளவுதான்.

இது பழைய சரக்கு. அமெரிக்காவில் பாரெட் என்பவரின் காப்புரிமையை வைத்து டஃப் என்ற கம்பெனி 1883லேயே ரயில்பாதைக்கான பல் ஜாக்கி செய்யத் தொடங்கியது. இண்டியானா மாநிலத்தின் புளூம்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1905ல் பிறந்த 'ஹை-லிஃப்ட்' ஜாக்கி இன்னும் விற்பனையில் இருக்கிறது. நம் ஊரில் ஜீப்பின் பின்னால் நீளமாகக் கட்டிக்கொண்டு போகிறார்களே, 'ஃபார்ம் ஜாக்' என்று, அது இந்த வம்சம்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. அவ்வளவு நல்ல வடிவமைப்பு என்று ஒரு பொருள். யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை என்று இன்னொரு பொருளும் உண்டு.

ஜி.என்.டி. ரோடு ஓரத்தில் டயர் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், அந்தக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "சார், ஏத்துறப்ப வண்டிய பாப்பேன். எறக்குறப்ப கைப்பிடிய பாப்பேன்." வடிவமைப்புப் பாடம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

ஏற்றும்போது நாம் சுமையைத் தள்ளுகிறோம். கையை விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அடுத்த கொண்டி பிடித்துக்கொள்ளும். இறக்கும்போது கதை தலைகீழ். சின்ன விசையைத் திருப்பிவிட்டு கைப்பிடியை மெல்ல மேலே வரவிட வேண்டும். அந்த நேரம் முழுச் சுமையும் கைப்பிடி வழியாக நம் கையைத் தள்ளுகிறது. நாம் சுமையை இறக்கவில்லை. சுமை நம்மைத் தூக்குகிறது!

ஒரு சின்னக் கணக்கு

தம்பி தங்கைகளுக்காக ஒரு கணக்கு. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள்தான். வீட்டில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

சுமை 1500 கிலோ. கைப்பிடி 1 மீட்டர். சுழல் ஊசியிலிருந்து கொண்டிக்கு 4 செ.மீ. அப்படியானால் நெம்புகோல் லாபம் 25. கையில் விழும் விசை 60 கிலோ. ஏற்றும்போது உராய்வையும் சேர்த்தால் 75, 80 கிலோ ஆகும். நம் பட்டறைப் பையனின் உடம்பு எடையே 55 கிலோ இருக்கும். அவன் தொங்கித்தான் அழுத்துவான். இறக்கும்போது உராய்வு நமக்குச் சாதகம். இருந்தும் 45 கிலோவுக்குக் குறையாமல் கைப்பிடி அவனை மேலே தள்ளும். எண்ணெய்க் கை, வியர்வைக் கை. நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பல்லின் உயரம் 15 மி.மீ. சுமை அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 220 ஜூல். அது சுமைக்கும் கைப்பிடிக்கும் பிரிகிறது. கைப்பிடி 2 கிலோ என்றால், உராய்வை விட்டுக் கணக்குப் போட்டால், அதன் நுனி கடைசியில் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். எடுத்துக்கொள்ளும் நேரம்? ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு. மனிதன் ஒன்றைப் பார்த்து, உணர்ந்து, கையை அசைக்கவே ஐந்தில் ஒரு விநாடி ஆகும். எனவே "ஜாக்கிரதையா இருந்திருக்கணும்" என்று அவனைத் திட்டுவதில் நியாயமே இல்லை. ஜாக்கிரதையாக இருக்க நேரமே தராத கருவி அது. அந்த இரும்புக் குழாயின் பாதையில் சாதாரணமாக எது இருக்கும்? குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவனின் தாடை. சில நேரம் மோதிய வேகத்தில் கைப்பிடி எகிறித் திரும்பி, அடுத்த பல்லையும் தானாகவே இறக்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கை. படிப்படியாக இறங்குவதற்கும் இந்த ஜாக்கிக்குக் கொஞ்சம் சுமை வேண்டும். சுமை மிகக் குறைந்துவிட்டால் கொண்டிகள் ஒழுங்காக மாறாமல், தூக்கி வைத்த பகுதி தடதடவென்று கீழே விழும். பாரம் அதிகமானாலும் ஆபத்து, பாரமே இல்லாவிட்டாலும் ஆபத்து!

ஆர்க்கிமிடீஸ் நெம்புகோலைக் கொடுங்கள், உலகத்தையே நகர்த்திக் காட்டுகிறேன் என்றாராம். எப்படி இறக்கி வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நம்மவர்களும் அதே ஆர்க்கிமிடீஸ் பக்கம்தான் நிற்கிறோம். ஜாக்கி விளம்பரத்தில் எத்தனை டன் தூக்கும் என்று பெரிய எழுத்தில் போடுகிறோம். எப்படி இறக்கும் என்று போடுவதில்லை.

தேரும் முட்டுக்கட்டையும்

நம் முன்னோர் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். பின்னாலிருந்து நெம்புபவர்களும் உண்டு. ஆனால் சக்கரத்துக்கு அருகில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்கள் சில பேர்தான். தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அவர்கள் கைதான் முடிவு செய்கிறது. இழுப்பவனுக்குப் பலம் போதும். முட்டுக்கட்டை போடுகிறவனுக்குப் பழக்கம் வேண்டும், உயிர் மேல் பயமும் வேண்டும்.

திருவாரூர் ஆழித்தேரைச் சீரமைத்தபோது திருச்சி பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? இழுப்பதற்கு எஞ்சின் வைக்கவில்லை. ஹைட்ராலிக் பிரேக் வைத்தார்கள். வடம் இன்னும் மக்கள் கையில்தான் இருக்கிறது. நிறுத்துவதைத் திருத்தினார்கள். ஒரு பழைய கருவியை எப்படித் திருத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தண்டவாளத்தில் வேறு நியாயம்

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா இடத்திலும் மெதுவாக இறக்குவதுதான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர் ரயில்பாதையையே எடுத்துக்கொள்வோம். ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி 1856ல் போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதையில் கேங்மேன்கள் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் ஜல்லி இடித்து மட்டம் பார்ப்பார்கள். மரக்கட்டை ஸ்லீப்பர் இருந்த காலத்தில் கடப்பாரை போட்டு நாலு பேர் நெம்பினாலும் ஓரளவு வேலை நடந்தது. கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தபின் கதை மாறிவிட்டது. ஒரு ஸ்லீப்பரே 250 கிலோவுக்கு மேல். 60 செ.மீ.க்கு ஒன்று. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் இரண்டு. கூட்டிப் பாருங்கள், ஒரு மீட்டர் பாதை 500 கிலோவைத் தாண்டும். ஜாக்கி இல்லாமல் அசைக்க முடியாது.

ஆனால் அங்கே வேலை நடுவில் ரயில் வரலாம். அப்போது "மெதுவா, பல் பல்லா எறக்குவோம்" என்று உட்கார்ந்திருக்க முடியாது. அதனால்தான் தண்டவாள ஜாக்கியில் ஒரே தட்டில் சுமை முழுவதும் இறங்கிவிடும் விசை வைத்தார்கள். அதற்கும் மேலே போய், எடுக்க மறந்தாலும் வண்டியின் சக்கரத்திலோ அடிப்பாகத்திலோ இடிக்காதபடி தாழ்வான ஜாக்கிகளைக் கொண்டுவந்தார்கள். லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. இவற்றுக்கென்றே விவரக்குறிப்பு வெளியிட்டிருக்கிறது.

கவனியுங்கள். டயர் கடைக்காரருக்கு மெதுவாக இறங்க வேண்டும். கேங்மேனுக்கு உடனே இறங்க வேண்டும். தூக்குவதில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை. இறக்குவதில்தான் இரண்டும் இரண்டு கருவி ஆகிறது. அதனால் ஜாக்கி வடிவமைக்க உட்காரும்போது "எத்தனை டன்?" என்பது இரண்டாவது கேள்வி. "யார், எங்கே, எப்படி இறக்கப் போகிறார்?" என்பதே முதல் கேள்வி.

சரி, என்ன செய்யலாம்?

பட்டறை ஜாக்கிக்கு வருவோம். மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, திருகு. கார் டிக்கியில் இருக்கும் கத்திரி ஜாக்கி இந்த வகை. திருகின் சரிவு உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால் சுமை தானாக இறங்கவே இறங்காது. 40 மி.மீ. சராசரி விட்டம், 7 மி.மீ. புரி இடைவெளி, உராய்வு எண் 0.15 என்று எடுத்தால் சரிவு 3 டிகிரிக்குச் சற்று மேல். உராய்வுக் கோணம் எட்டரை டிகிரி. பூட்டிக்கொள்ளும். ஆனால் திறன் 27 சதவீதம்தான். நூறு ரூபாய் உழைப்பில் 73 ரூபாய் உராய்வுக்குப் போகிறது. வகுப்பில் இதைக் குறை என்று படித்தோம். இல்லை, அந்த 73 ரூபாய் காப்பீட்டுப் பிரீமியம். பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அந்தப் பிரீமியத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது. நேரமும் அதிகம்.

இரண்டாவது வழி, கைப்பிடியோடு ஒரு எண்ணெய்த் தணிப்பான். கதவு தானாக மெதுவாக மூடிக்கொள்ள மேலே ஒன்று மாட்டியிருப்பார்களே, அது மாதிரி. ஏற்றும்போது தடை இல்லை. திரும்பி வரும்போது மட்டும் எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போக வேண்டும். நம் உதாரணத்தில் சுழல் ஊசியிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் மாட்டினால் சுமார் 300 கிலோ விசையைத் தாங்க வேண்டும். செய்யக்கூடியதே. ஆனால் எந்த எண்ணெய் வேண்டாம் என்று இந்த ஜாக்கியை வாங்கினோமோ, அதே எண்ணெய் உள்ளே வந்துவிடுகிறது. அது ஒழுகிப்போன அன்று, வெளியே பார்த்தால் தெரியாது. கைப்பிடி பழையபடி பறக்கும். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி நிற்பவனுக்குத்தான் அப்போது அடி. பழுதானால் ஆபத்தாக மாறும் பாதுகாப்பு, பாதுகாப்பே அல்ல.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற ஃபிட்டர்களுக்கு லிவர் பிளாக் தெரியும். சங்கிலியில் சுமையைத் தொங்கவிட்டு, கைப்பிடியை ஆட்டி ஏற்றுவார்கள். அதில் கையை விட்டால் கைப்பிடி எகிறுமா? எகிறாது. ஏன்? உள்ளே ஒரு சுமைப் பிரேக் இருக்கிறது. ஒரு ராட்செட் சக்கரம், அதன் இரண்டு பக்கமும் உராய்வு வட்டுகள், ஒரு திருகு. சுமை கீழே இழுக்க இழுக்க அந்தத் திருகு இறுகி வட்டுகளை நெருக்கும். பாரம் கூடினால் பிடியும் கூடும். இறக்க வேண்டுமானால் நாம்தான் கைப்பிடியை எதிர்ப்பக்கம் ஆட்டித் திருகைத் தளர்த்த வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் சுமை கொஞ்சம் இறங்கும். இறங்கிய வேகத்திலேயே திருகு மறுபடி இறுகிவிடும். ஏற்றத்தான் உழைக்க வேண்டும் என்பதில்லை, இறக்கவும் உழைக்க வேண்டும். உழைப்பை நிறுத்தினால் சுமையும் நின்றுவிடும். பழவேற்காட்டு மீனவர் படகுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு கையால் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வைக் கூலி வாங்காத ஆளாக வேலைக்கு வைக்கிற அதே வித்தைதான்.

இதை ஜாக்கிக்குக் கொண்டுவர, கொண்டிகள் நேராகத் தண்டின் பல்லைப் பிடிப்பதை மாற்ற வேண்டும். கைப்பிடி ராட்செட்டைச் சுழற்றட்டும். ராட்செட் ஒரு சிறு பல்சக்கரத்தைச் சுழற்றட்டும். பல்சக்கரம் தண்டில் ஏறட்டும். ராட்செட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சுமைப் பிரேக். ஐரோப்பாவில் கைச்சுழற்றியுள்ள பல்தண்டு ஜாக்கிகளில் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. நீண்ட கைப்பிடியுள்ள, விலை குறைந்த, நம் பட்டறைக்கு ஏற்ற வடிவத்தில் அதைச் செய்வதுதான் மிச்சம் இருக்கும் வேலை. எடை கூடும், விலையும் கூடும். மறைக்கவில்லை. ஆனால் ஒரு தாடை எலும்பின் ஆஸ்பத்திரிச் செலவையும், பையன் வேலைக்குப் போகாத மாதங்களின் கூலியையும் பக்கத்தில் எழுதிவிட்டு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த மாற்றத்துக்குக் காத்திருக்காமல், இப்போதுள்ள ஜாக்கியிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. கொண்டியின் ஸ்பிரிங் உடைந்தாலும் கொண்டி தன் எடையாலேயே பல்லில் விழும்படி ஊசியின் இடத்தை மாற்றலாம். இறக்கும் விசையை, கைப்பிடியின் பாதைக்கு வெளியே நின்று திருப்பும் இடத்தில் வைக்கலாம். சுமையின் கீழேயே அகலமான அடித்தட்டு கொடுக்கலாம். நம் களிமண் தரையில் மழைக்குப் பின் ஜாக்கி புதையாது, சாயாது. சுமை தாங்கும் உறுப்புகளில் பளிச்சென்று முறியும் சாதா வார்ப்பிரும்பை விட்டு, எஸ்.ஜி. அயர்ன் அல்லது ஃபோர்ஜிங்குக்குப் போகலாம். 1964ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, காக்களூர், கும்மிடிப்பூண்டி இந்த மூன்றுக்குள்ளேயே வார்ப்பவரும், கடைபவரும், பதப்படுத்துபவரும் கிடைப்பார்கள். வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு சாண் விதி

கடைசியாக, இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் என்றால் ஜாக்கியில் 12 வோல்ட் மோட்டார் மாட்டி, பட்டன் தட்டினால் கார் ஏறுகிற மாதிரி செய்கிறீர்கள். கைதட்டும் கிடைக்கிறது. தவறில்லை. ஆனால் அது தூக்குவதைத்தான் மறுபடியும் திருத்துகிறது. இந்த வருடம் யாராவது நாலு பேர் இறக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனையை நானே சொல்லிவிடுகிறேன். அதற்கு 'ஒரு சாண் விதி' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜாக்கியில் முழுச் சுமையை ஏற்றுங்கள். இறக்கத் தொடங்குங்கள். பாதியில், எந்த இடத்தில் வேண்டுமானாலும், கைப்பிடியை விட்டுவிடுங்கள். கைப்பிடியின் நுனி ஒரு சாணுக்கு மேல் நகரக் கூடாது. நீங்கள் நிற்க வேண்டாம். கயிற்றைக் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றை விடுங்கள். புது ஜாக்கியில் ஒரு தடவை பார்த்தால் போதாது. 500 தடவை ஏற்றி இறக்கிய பின், எண்ணெய் தடவி, மண் போட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஒரு சாண்தான் என்றால், அந்த ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டுக்குப் போய், வேலை செய்கிற பையன் கையில் கொடுங்கள். அவன் சொல்வதுதான் மதிப்பெண்.

நம் கல்லூரியிலிருந்து போனவர்கள் பலர் இன்று தொழிற்சாலைகளில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். வரைபடம் நம் மேஜைக்கு வரும்போது பாதுகாப்புக் காரணி எவ்வளவு என்று பார்க்கிறோம். அது இரும்பு முறியாமல் இருக்க. கூடவே, "கை நழுவினால் என்ன ஆகும்?" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அது கை முறியாமல் இருக்க.